பேக்கப்பில் கேக் வெட்டியவர்

பெங்களூர் போகும் காலை ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியதும், ஒரு தூக்கம் போடலாம் என்று கண்ணை மூடினேன். எதிர் சீட்டுப் பெண் விடவில்லை.

"நேத்து எங்க ஆபீஸ் பேக்கப்ல ஒருத்தர் கேக் வெட்டிக்கிட்டு இருந்தாருடி."

பக்கத்தில் தலை வாரிக்கொண்டிருந்த தோழி சீப்பைக் கூந்தலிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். "என்னடி சொல்ற?"

"கணக்கு ஃபைலை எல்லாம் தினம் காப்பி எடுத்து வைக்கிற சாஃப்ட்வேர். தெறந்து பாத்தா நடுவுல கேக், பலூன், சர்ச் வாசல். எல்லாம் ஹவுஸ்கீப்பிங் மேரியக்கா போட்டோங்க."

"அது எப்பிடி அங்க போச்சு?"

"இந்த ரயில்ல வர்றதுக்குள்ள போன் செத்துடுதுல்ல? வந்ததும் சார்ஜுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சொருகிடுவாங்க. அது போனையும் சேத்துக் காப்பி எடுத்துருக்கு."

"அழிச்சிடு, முடிஞ்சுது."

"மேனேஜரும் அதான் சொன்னாரு, இன்னிக்கு மத்தியானத்துக்குள்ளன்னு. நான் அப்பிடியே அழிக்க மாட்டேன். கேக் வெட்டுறது அக்கா வீட்டுக்காரரு. இப்ப அவரு இல்ல. போட்டோ இருந்த போனையும் போன மாசம் இதே ரயில்ல எவனோ அடிச்சிட்டான்."

தோழி கூந்தலில் நின்ற சீப்பை எடுத்து மடியில் வைத்தாள். "என்ன பண்ணப் போற?"

எதிர் சீட்டுப் பெண் கைப்பையிலிருந்து ஒரு புதுப் பென்டிரைவை எடுத்துக் காட்டினாள். "மொதல்ல இதுல ஏத்தி அக்கா கையில குடுப்பேன். அப்புறம்தான் அழிப்பேன்."

"உங்க ஆபீஸ்ல பென்டிரைவ் சொருகக் கூடாதேடி?"

"போனும்தான் சொருகக் கூடாது. அக்கா சொருகினதாலதான் அந்த மனுஷன் முகமாவது மிஞ்சியிருக்கு."