பதினான்கு நாற்காலிகள்

கிடாவை நிலவறையில் வைத்து மறந்துபோனது நான்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி அம்மா. உங்கள் விசாரணை, ரோட்டுக்கு அடியில் போகும் மதகைப் பற்றி என்று எனக்குத் தெரியும். மதகு சின்னதுதான், அடைத்துக்கொண்டதும் உண்மைதான். ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டு நான் பஸ் ஏறிப் போனால் அது மதகுக்குச் செய்யும் அநியாயம்.

என் பெயர் ஆஸ்மண்ட் லைபர்ட். வயது அறுபத்து மூன்று. டன்மோர் தோட்டத்துப் பெரிய வீட்டை முப்பத்தோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்: ஜன்னல் பலகைகள் உதிர்வதை, கூரை நழுவுவதை, முன்படிக்கட்டில் அத்திமரம் முளைப்பதை. சொந்தக்காரர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். கரும்பு போனபிறகு அவர்களுக்கு இந்தத் தீவில் வேலையில்லை. ஒன்பது வருடமாக வீட்டை விற்கிறார்கள். 'விற்பனைக்கு' என்ற பலகைக்கு வருடா வருடம் நான்தான் வர்ணம் அடிப்பேன். அந்த இடத்தில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

கிடா விஷயம் போன வருடத்துச் சின்னப் புயலில் நடந்தது. புயல் என்றால் கீழே ஓடைக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் முழுக்கப் பெரிய வீட்டு நிலவறைக்கு ஏறி வந்துவிடும். இரண்டு முழ அகலக் கருங்கல் சுவர் அதற்கு. அதைக் கட்டியவர்கள் இப்போது ஊரில் இருப்பவர்களின் முப்பாட்டன்மார்; சவுக்கடி வாங்கிக்கொண்டு கட்டினார்கள். அதனால் யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் கொடுப்பதுமில்லை. காகிதத்தில் எழுதப்படாத உரிமை. பாய், அடுப்பு, கோழி, குழந்தை எல்லாவற்றோடும் வருவார்கள். மிஸ் லூவினா தன் கிடாவோடு வந்தார். புயல் ஓய்ந்து எல்லாரும் இறங்கியபோது, கிடாவை நான் ஓட்டி வருகிறேன் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் தரகர் மேனார்ட் ஒரு கனடாக்கார அம்மாளைக் கூட்டி வந்தார். திருமதி ஹோல்ம். வெள்ளை நிறத்தில் கால்சட்டை. வீடு அவருக்குப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இந்தத் தீவிலேயே குளுகுளுன்னு இருக்கிற அறையைப் பாருங்க" என்று நிலவறைக் கதவை ராஜாவைப் போலத் திறந்தேன். மூன்று நாள் பட்டினி கிடந்த கிடா வெளிச்சத்தைப் பார்த்து வந்தது. வழியில் திருமதி ஹோல்ம் இருந்தார். அவரைக் காகிதப்பூ முள்ளிலிருந்து எடுக்க நானும் மேனார்ட்டும் கால் மணிநேரம் பாடுபட்டோம். உள்ளேயிருந்து வந்த நாற்றத்தை நான் விவரிக்கப் போவதில்லை. மறுநாளே அவர் விமானம் ஏறினார்.

ஊர் ஒரு மாதம் சிரித்தது. சைலஸ், இதோ இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே, என் கூடப் படித்தவன், ரம் கடையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வாப்பா தரகா, கிடா என்ன விலை?" என்பான். நானும் சிரித்தேன்.

அப்புறம் இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. வருடக் கடைசிக்குள் வீடு போகவில்லை என்றால் ஒரு ஹோட்டல் கம்பெனி கேட்கும் விலைக்கே தள்ளிவிடுவதாக எழுதியிருந்தார்கள். கம்பெனியின் வரைபடத்தை மேனார்ட் எனக்குக் காட்டினார். முன்பக்கம் நீச்சல்குளம். பின்பக்கம், மாமரத்துக்கு அப்பால், கார் நிறுத்துமிடம். அந்த இடத்தில்தான் என் வீடு இருக்கிறது, அம்மா. இரண்டு அறை. என் மனைவி ஐஸ்மேயும் நானும் தூக்கி வந்து அடுக்கிய கல். அதற்குப் பின்னால் ஐஸ்மே. பதினோரு வருடமாகிறது. அந்த நிலத்துக்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வரைபடத்தில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது, எண்ணிப் பார்த்தேன். ஐஸ்மேயின் மேல் ஆறு கார்கள் நிற்கும்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நகைச்சுவை மட்டும் நிற்கவில்லை, பழக்கதோஷம். மேனார்ட்டின் ஆபீஸுக்கு வாரம் இரண்டு முறை நடந்தேன். திருமதி ஹோல்முக்கு நானே கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, கிடா சமைக்கப்பட்டுவிட்டது என்று தெரிவித்து. அது பொய். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் அவருடைய கணவர் சிரித்தாராம். மறுபடியும் பேச்சு ஆரம்பித்தது. என் இடத்தை என் பேருக்கே எழுதிக் கொடுப்பதாக, வீட்டுப் பத்திரம் கையெழுத்தாகிற அதே நாளில் கொடுப்பதாக, ஒப்புக்கொண்டார்கள். நல்லவர்கள்தான். அவர்கள் கேட்டது இரண்டே இரண்டு. சாப்பாட்டு அறையில் இருக்கும் பதினான்கு மகோகனி நாற்காலிகள் கீறலில்லாமல் கைக்கு வரவேண்டும். நிலவறை திராட்சை மது வைப்பதற்கு. சுண்ணாம்பு அடித்துச் சுத்தமாக இருக்கவேண்டும், அதற்குள் இனி மனுஷரோ மிருகமோ நுழையக் கூடாது.

நான் சுண்ணாம்பு அடித்தேன். மூன்று பூச்சு. அவர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. புயல் செவ்வாய்க்கிழமை வந்தது.

காலை ஏழு மணிக்கு ரேடியோ சொன்னதும் நாற்காலிகளை நிலவறைக்கு இறக்க ஆரம்பித்தேன். மேலே கூரை நிற்காது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். தனியாளாகப் பதினான்கையும் இறக்கிச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்து, என் போர்வைகளையே போர்த்தினேன். அப்போது மணி பதினொன்று இருக்கும். மேலே வந்து பார்த்தால் ஊர் ஏறி வந்துகொண்டிருக்கிறது. பத்தொன்பது பேர். முன்னால் மிஸ் லூவினா, தலையில் மழைக்கு மெழுகுத் துணி. அவருக்குப் பின்னால் சைலஸும் அவன் மனைவி மெர்ட்டிலும். கிளாரிஸ் கைக்குழந்தையை மழைக்கோட்டுக்குள் பொத்திக்கொண்டு வந்தாள்.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன், அம்மா. அடுப்புப் புகை வெள்ளைச் சுவரில் ஏறுவதை நினைத்தேன். ஈரக்கால்களை நினைத்தேன். குழந்தை நாற்காலியில் ஒண்ணுக்கு அடிப்பதை நினைத்தேன். வெள்ளிக்கிழமை திருமதி ஹோல்ம் மூக்கைப் பொத்துவதை நினைத்தேன். பிறகு ஆறு கார்களை நினைத்தேன். ஊருக்குக் கீழே ஜெபக்கூடம் இருக்கிறது, அதுவும் கல் கட்டடம்தான், கூரை புதுசு என்று நினைத்தேன். இதெல்லாம் நியாயமான யோசனைகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இப்போதும் அவற்றில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நிலவறைக் கதவைச் சாத்தினேன். தாழ் போட நேரமில்லை. பத்தடி முன்னால் போய் அவர்களை எதிர்கொண்டேன். சாவி நகரத்தில் மேனார்ட்டிடம் இருக்கிறது, வாங்கப்போகிறவர்களின் உத்தரவு, என்னால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றேன்.

மிஸ் லூவினா என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுபத்தெட்டு வயது, மழை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்பலேருந்து?"

"ஞாயித்துக்கெழமையிலேருந்து, மிஸ் லூவினா. ஜெபக்கூடத்துக்குப் போங்க. அங்க கிடாத் தொல்லையும் இருக்காது."

யாரும் சிரிக்கவில்லை. மிஸ் லூவினா எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தார், வானத்தை என்று நினைத்தேன். பிறகு என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார், அம்மா. அவர் அப்படித்தான், எல்லாருக்கும் செய்வார்.

"சரி ஆஸ்மண்ட். நீ உள்ள போ. நனையாத."

அவ்வளவுதான். திரும்பி இறங்கிவிட்டார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நான் நிலவறைக்கு வந்தபோது கதவு அகலத் திறந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் போன பிறகுதான் காற்று அதைத் திறந்திருக்க வேண்டும். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலிகளைத்தானே உட்கார வைத்திருக்கிறோம், நாமும் உட்காரலாம் என்று.

மாலை மூன்று மணிக்கு ஓடை பேசியது. வருடத்தில் பதினோரு மாதம் வறண்டு கிடக்கும் ஓடை. மலையுச்சியிலிருந்து பாறைகளை உருட்டிக்கொண்டு இறங்கும் சத்தம் தரை வழியாக நாற்காலிக் கால்களில் ஏறி வந்தது. மதகு அடைத்தது. ரோடு அணையாக நின்றது. பிறகு ரோடு போயிற்று, தண்ணீர் மொத்தமும் ஜெபக்கூடத்துப் பக்கவாட்டுச் சுவரில் இறங்கியது.

நிலவறையில் ஒரு சொட்டு இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பெரிய வீட்டுக் கூரை பாதி போய்விட்டது, நிலவறைச் சுண்ணாம்பில் ஒரு கறைகூட இல்லை. பத்தொன்பது பேர் அங்கே தாராளமாக இருந்திருக்கலாம். நாற்காலிகளோடு சேர்த்தே இருந்திருக்கலாம்; அளந்து பார்த்தேன்.

பதின்மூன்று பேர் ஜன்னல் வழியாக ஏறிப் பிழைத்தார்கள். மிஸ் லூவினா இல்லை. மெர்ட்டில் இல்லை. ஹான்லி சகோதரர்கள் இரண்டு பேரும் இல்லை. கிளாரிஸ் இல்லை. ஆறாவது பெயர் என்னிடம் கிடையாது. குழந்தைக்கு நாலு மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞானஸ்நானம் என்று வைத்திருந்தார்கள்.

குழிகளை நான்தான் வெட்டினேன். கை தோல் உரிய வெட்டினேன். துக்க வீடுகளுக்கு ஆட்டுச் சாறு காய்ச்சிக் கொண்டுபோனேன். எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள், நன்றி சொன்னார்கள், பானையைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஹோல்ம் தம்பதி வந்தார்கள். கூரைக்காக விலையைக் குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். திருமதி ஹோல்ம் நாற்காலிகளைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கினார். இத்தனை பெரிய புயலில் இதையெல்லாம் காப்பாற்றினீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் இடத்துக்கான பத்திரம் என் சட்டைப் பையில் இருக்கிறது. காட்டுகிறேன், வேண்டுமென்றால். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்திருக்கிறார்கள்.

பத்திரம் வந்த அன்று ஐஸ்மேயிடம் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக முடியவில்லை. என் நிலம்தான், சட்டப்படி. கால் போகமாட்டேன் என்கிறது. நான் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது என்று கேட்காதீர்கள். பிழைத்தவர்களின் வீட்டுக்கெல்லாம் போனேன். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். அன்றைக்கு நான் சாவி இல்லை என்றபோது நம்பினீர்கள் இல்லையா என்று. உட்கார், சீமைப்பலா வறுத்திருக்கிறேன், சாப்பிடு என்றார்கள். மழை வரும்போல இருக்கிறது என்றார்கள். போதகர் என் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார், அதில் சாவி பற்றி ஒன்றும் வரவில்லை. ஒருவர்கூட ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம், அம்மா. நான் பொய் சொன்னேன். பொய் சொல்லி ஆறு பேரை அனுப்பினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், நீங்கள் எந்தப் பிரிவில் போட்டாலும் சரி. ஆனால் அந்தப் பொய்யில் ஒரு கருணை இருந்தது. உள்ளே வராதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், சொந்த ஊர்க்காரனே விரட்டினான் என்ற நினைப்போடுதானே தண்ணீருக்குள் போயிருப்பார்கள். நான் அதைச் செய்யவில்லை. பூட்டின கதவு, சாவி இல்லாத ஆஸ்மண்ட், யார்மேலும் வருத்தமில்லை என்று போனார்கள். மெர்ட்டில் அப்படித்தான் போனாள். மிஸ் லூவினா அப்படித்தான் போனார். அதை மட்டும் என்னிடமிருந்து யாரும் எடுத்துவிடக் கூடாது.

வாக்குமூலத்துக்கு ஊர்க்காரர் ஒருவர் சாட்சியாக வேண்டும் என்று உங்கள் எழுத்தர் சொன்னதால் சைலஸைக் கூப்பிட்டேன். வந்தான். வரும் வழியெல்லாம் அவனிடமும் கேட்டேன். பஸ் வருது, ஏறு என்றான். சில்லறை இருக்கா என்றான். இப்போது உங்கள் முன்னால் கேட்கிறேன்.

சைலஸ், நீயே சொல்லு. நீங்க எல்லாரும் நம்பித்தானே போனீங்க?

அவன் எழுந்திருக்கிறான், அம்மா. தொப்பியைக் கழற்றிவிட்டான். அவன் சொல்வதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"கதவு தொறந்துதான் கெடந்துச்சு, ஆஸ்மண்ட். உன் முதுகுக்குப் பின்னாலயே. போத்தின நாற்காலியெல்லாம் வரிசையாத் தெரிஞ்சுது, நாங்க பத்தொம்பது பேரும் பாத்தோம். உன்னத் தள்ளிட்டு உள்ள போகத்தான் நான் காலெடுத்தேன். லூவினா என் கையைப் புடிச்சா. 'வேணாம்னு நிக்கிறான், விடு'ன்னா. கீழ போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கல. மெர்ட்டில் மட்டும் ஒரு தடவ சொன்னா, 'நாற்காலிக்குப் போர்வ போத்தியிருக்கான் பாரு'ன்னு."