டயர் சூடாகும் நேரம்

டீ கொடுங்கள் மேடம், குடிக்கிறேன். பைக் போட்டி நாளில்தான் காலையிலிருந்து எதுவும் குடிக்க மாட்டேன். அந்தத் தோல் உடையைப் போட்டுவிட்டால் கழற்றவே பத்து நிமிஷம் ஆகும்; பாத்ரூம் அவசரம் என்றால் என் வயதில் பெரும்பாடு. என்னோடு ஓட்டுகிற மற்ற பெண்களுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு. அவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. எனக்கு ஐம்பத்திரண்டு.

என்னை உட்காரவைத்து முழுசாகப் பேசவிட்டு ரொம்ப நாளாயிற்று. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். வீட்டில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை.

நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பி வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒன்பதுக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். இருபத்தோரு வருஷமாக இதுதான். பெட்டி குலுங்கினால் ரத்தம் கெட்டுவிடும், தாமதமானாலும் கெட்டுவிடும். குலுக்காமல் வேகமாகப் போவது எப்படி என்று என் கைக்குத் தானாகத் தெரிந்துபோயிற்று.

என் வீட்டுக்காரர் கல் மெருகேற்றுகிறவர். தரைக்குப் போடும் கல்லை மெஷினில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவார். அந்தத் தூசு அத்தனை வருஷமும் உள்ளே போய் நுரையீரலில் உட்கார்ந்துகொண்டது. ஐந்து வருஷமாக வீட்டில் ஆக்சிஜன் மெஷின். கரண்டில் ஓடும். அதிலிருந்து அவர் மூக்குவரை ஒரு குழாய், ஏழு மீட்டர் நீளம். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை வரும், கூடத்து ஜன்னல் வரை வரும். சமையலறை வாசலில் நின்றுவிடும்.

நல்ல மனுஷர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. பிள்ளை இல்லை என்று ஒரு நாள் குத்திக் காட்டியதில்லை. அந்த மெஷினுக்குச் 'சின்ன வீடு' என்று பேர் வைத்திருந்தார். "என் பக்கத்துலயே படுத்துக் கெடக்குது, ஒரு நாளாவது சண்டை போட்டியா நீ?" என்று கேட்டுச் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன்.

நான் வாசலைத் தாண்டும்போது மட்டும் ஒரே ஒரு கேள்வி. "எத்தனை மணிக்கு வருவ?" காய்கறி வாங்கப் போனாலும் அதேதான். பத்து நிமிஷம் தாமதமானால் போன் வரும். இருபது நிமிஷமானால் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு, தேடிப் பார்க்கச் சொல்வார். பாவம், பயம். அவருக்கு ஏழு மீட்டர் குழாய். எனக்கு இருபது நிமிஷக் குழாய். நீளத்தில்தான் வித்தியாசம்.

மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரை பார்க்க ஒரு வீட்டுக்குப் போவேன். அங்கே இருந்தவர் முன்பு பைக் பந்தயம் ஓட்டியவர், இப்போது கோச். முப்பத்தெட்டு வயது. நான் அவர் தெரு முனையில் திரும்புவதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது சொன்னார்:

"அக்கா, அந்த முனையில என் ஆளுங்க ரெண்டு பேரு விழுந்து கால ஒடச்சிக்கிட்டாங்க. நீங்க பிரேக்கையே தொடாம திரும்புறீங்க. ஒரு நாள் டிராக்குக்கு வாங்களேன்."

"எனக்கு அம்பது ஆகப்போகுது தம்பி."

"வண்டி என்ன, வயசு சர்டிஃபிகேட்டா கேக்குது?"

முதல் நாள், போனை லாக்கரில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். அங்கே அது கட்டாயம். மூன்று சுற்று, ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷமும் என்னை யாராலும் கூப்பிட முடியாது என்பது மூன்றாவது திருப்பத்தில்தான் உறைத்தது. அழுதுவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க வழியில்லை. அப்படியே ஓட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்காரரிடம் மறைக்கவில்லை. அன்றைக்கே சொன்னேன். "ரேஸா? லெமன் ஸ்பூனா, சாக்குக்குள்ள கால விட்டுக் குதிக்கிறதா?" என்று சிரித்தார். சொன்னது நிஜம் என்று புரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. "நீ விழுந்து கிழுந்து வெச்சா என்னை யாரு பாப்பா?" என்றார். நியாயமான கேள்வி. அதனால், இனிமேல் போக மாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத் தொடர்ந்து போனேன். ஞாயிற்றுக்கிழமை ரத்த தான முகாம் இருக்கிறது என்பேன். டீச்சர் வந்து துணைக்கு உட்காருவார்.

பெண்கள் பிரிவில் முதலில் பத்தாவதாக வந்தேன். அப்புறம் ஏழு, அப்புறம் ஐந்து. அந்தப் பெண்கள் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். முந்திக்கொண்டு போகும்போது மட்டும் வேறு மாதிரி கூப்பிடுவார்கள்.

போன வருஷம் விழுந்தேன். தோள்பட்டை எலும்பில் விரிசல். முகாமில் யாரும் அப்படி விழ முடியாது என்பதால் எல்லாம் வெளியே வந்துவிட்டது. வெளுத்து வாங்குவார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாது என்றார்கள். அவர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, மூச்சு வாங்க வாங்க எனக்குத் தலை வாரிவிட்டார். பின்னல் போடவும் கற்றுக்கொண்டார். அந்த ஆறு வாரமும் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. மணி கேட்கவே இல்லை. ஒரு மத்தியானம் என் தலையில் கை வைத்தபடி சொன்னார்: "இப்பிடியே இருந்துட்டா நல்லாருக்கும்ல?"

அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று சற்று முன் கேட்டீர்கள். சீக்காளிப் புருஷனை விட்டுட்டு ஓடிப்போனவள் என்று நாலு பேர் பேசுவார்கள். அதையெல்லாம் தாங்கும் நெஞ்சு எனக்குக் கிடையாது.

தோள் ஆறியதும், அவர் வேண்டாம் வேண்டாம் என்றாலும் மறுபடி ஓட்டப் போனேன். நான் விழுந்ததற்குக் காரணம் டயர். டயர் குளிர்ந்திருந்தால் முதல் திருப்பத்திலேயே வாரிவிடும். வசதியான அணிகள் டயரைச் சுற்றி ஒரு போர்வை கட்டி, கரண்டில் சூடாக்கி வைத்திருப்பார்கள். கோச் எனக்கும் பழசாக ஒரு ஜோடி தேடிக் கொடுத்தார். ஆனால் டிராக்கில் எங்களுக்கு ஒதுக்கும் மூலையில் பிளக் கிடையாது. எங்கள் வீட்டில் ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தன. கரண்ட் போனால் ஆக்சிஜன் மெஷினை அதுதான் ஓட்டும். அது இல்லாவிட்டால் அவர் அரை மணி நேரம் தாங்குவதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கோச்சிடம், வீட்டில் சும்மா கிடக்கிறது என்றேன். வீட்டுக்காரரிடம், சர்வீசுக்குப் போகிறது என்றேன். கோச் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். கோச்சுக்கு எதுவுமே தெரியாது. அவரை விட்டுவிடுங்கள்.

அப்படி மூன்று போட்டிக்கு எடுத்துப் போனேன். மூன்று தடவையும் கிளம்பும்போது, இன்றைக்குக் கரண்ட் போகக் கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டேன். போகவும் இல்லை. நாலாவது தடவை வேண்டிக்கொள்ளவில்லை. 'கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை மறந்துவிட்டேன்' என்று நேற்று வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேனே, அதை அடித்துவிடுங்கள்.

வியாழக்கிழமையே மின்வாரியத்திலிருந்து மெசேஜ் வந்திருந்தது. ஞாயிறு காலை பத்து முதல் மூன்று வரை பராமரிப்பு வேலை, எங்கள் பகுதியில் கரண்ட் இருக்காது என்று. இரண்டு முறை படித்தேன். என் போட்டி பத்து நாற்பதுக்கு. மெசேஜை அழித்துவிட்டேன். போனில் இடம் குறைவாக இருந்தது.

சனிக்கிழமை டீச்சரிடம் போய், நாளைக்கு என் அண்ணி வந்து பார்த்துக்கொள்வாள், நீங்கள் வர வேண்டாம் என்றேன். அவருக்கு முழங்கால் வலி. ஒரு ஞாயிறாவது காலை நீட்டி உட்காரட்டுமே. எனக்கு அண்ணி ஒருத்தி இருப்பது உண்மை. நாங்கள் பேசிக்கொண்டு எட்டு வருஷமாகிறது.

ஞாயிறு காலை அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். நகம் வெட்டினேன். துவைத்த சட்டை போட்டுவிட்டேன்.

"இன்னிக்கு என்ன விசேஷம்?"

"ஒன்னுமில்ல. நகம் வளந்து கெடந்துச்சு."

"டீச்சர் வரலியா?"

"வருவாங்க."

"நீ எத்தனை மணிக்கு வருவ?"

"மூணு மணிக்கு" என்றேன். கரண்ட் வரும் நேரமும் அதுதான் என்பது சொல்லும்போது எனக்குத் தோன்றவில்லை.

டிராக்கில் எல்லாம் சரியாக இருந்தது. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு. போர்வையைப் பிரித்து டயரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. எட்டுச் சுற்று. முதல் திருப்பத்தில் வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது. அப்படி ஒரு பிடிமானத்தை நான் அனுபவித்ததே இல்லை. மூன்றாவதாக வந்தேன். மேடையில் நிற்கவைத்தார்கள். கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார், இருந்து சாப்பிட்டேன். மூன்று மணி என்று சொல்லியிருந்தேன் அல்லவா, சொன்னபடி மூன்றுக்கு வீட்டில் இருந்தேன். அவர் சமையலறை வாசலில் கிடந்தார். குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, சமையலறைக்குள் பேட்டரி இருந்த மூலைக்குப் போகப் பார்த்திருக்கிறார்.

போன் விவரம் அடங்கிய தாளைக் காட்டினீர்கள். பத்து இருபத்திரண்டிலிருந்து பத்து நாற்பத்தொன்று வரை பதினோரு அழைப்புகள். நான் ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன், போன் லாக்கரில் இருந்திருக்கும் என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். பத்து அழைப்புகளுக்கு அது பொருந்தும். முதலாவதில் பத்தொன்பது விநாடி என்று போட்டிருக்கிறதே, அது கை தவறிப் பட்டதில்லை மேடம். எடுத்துப் பேசினேன். அப்போது ஹெல்மெட்கூடப் போடவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் டீச்சர் ஓடிப் போயிருப்பார். ஆம்புலன்ஸ் வந்திருக்கும். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்தொன்பது விநாடியில் பெரும்பாலும் மூச்சுச் சத்தம்தான். கரண்ட் போய்விட்டது என்று சொல்லக்கூட அவருக்குக் காற்று போதவில்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஓட்டு" என்றார். இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்றவர், கடைசியில் மனசு இறங்கிவிட்டார். போனை லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

'ஓடி வா' என்று சொல்ல வந்து பாதியில் மூச்சு அறுந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. நானும் யோசித்துப் பார்த்தேன். இல்லை மேடம். முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தவள் நான். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாதா?