ஓடைப் பாறையில் இருந்த ஷூக்கள் பற்றி ரத்தினவேல் சொன்னது

பெயர்: ரத்தினவேல். தகப்பனார் பெயர்: பழனிச்சாமி. வயது: 41. தொழில்: ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டர். சொந்த ஊர்: அரிமளம். தற்போது குடியிருப்பது: ஐஸ் பிளாண்ட் பின்புறத் தெரு, ஜெகதாப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டம்.

நான் மேலே கண்ட முகவரியில் மனைவி, மகளுடன் வசித்து வருகிறேன். ஜெகதாப்பட்டினம் காவல் நிலையத்தில் வைத்து, தேனி மாவட்டத்திலிருந்து வந்துள்ள சார்பு ஆய்வாளர் புவனேஸ்வரி அவர்கள் கேட்க, தலைமைக் காவலர் திருப்பதி எழுத, என் சொந்த விருப்பத்தின் பேரில் இதைச் சொல்கிறேன். ஜூன் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவட்டத்தில் உள்ள கரடிக்கானல் மலையில் நடந்த மலை ஓட்டப் போட்டியில் காணாமல் போய், மறுநாள் ஓடைக்குக் கீழே பிரேதமாகக் கிடைத்த பிராங்க்ளின் என்பவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போய்வந்தவர். எனக்கு உறவினர் அல்ல. பழக்கத்தில் அவர் என்னை மாமா என்பார், நான் அவரை மாப்ள என்பேன்.

சில வருடங்களுக்கு முன் பிராங்க்ளின் எல்லை தாண்டியதாக இலங்கை நேவியால் கைதாகி, அங்கே சிறையில் இருந்துவிட்டு வந்தார். அவர் போன விசைப்படகை, நாங்கள் போட்டு என்போம், அங்கே திருப்பித் தரவில்லை. வந்த பிறகு தூக்கம் வரவில்லை என்று விடிவதற்கு முன்பே கடற்கரைச் சேற்று மணலில் ஓட ஆரம்பித்தார். ஒருநாள் முட்டி வீங்கி ஐஸ் பிளாண்டுக்கு வந்து உடைந்த ஐஸ் கேட்டார். மீன் அள்ளும் பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸைக் கொட்டிக் கொடுத்தேன். அதற்குள் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் பழக்கம். அதன் பிறகு எனக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்னதால் நானும் அவருடன் ஓட ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் அவருக்கும் தொழில் இல்லை, பிளாண்டிலும் வேலை குறைவு. அந்த நாட்களில் ஞாயிறுதோறும் என் பைக்கில் நார்த்தாமலைக்குப் போய்ப் பாறையில் ஏறி இறங்கிப் பழகுவோம். போட்டியும் தடைக்காலத்திலேயே வருவதால்தான் அவரால் கலந்துகொள்ள முடிந்தது.

கரடிக்கானல் போட்டி ஐம்பது கிலோமீட்டர். வழியில் செக்பாயிண்ட் இருக்கும். ஒவ்வொன்றையும் குறித்த நேரத்துக்குள் தாண்டாவிட்டால் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள், அதற்கு மேல் ஓட முடியாது. முதல் தடவை போனபோது பிராங்க்ளினுக்கு வயிறு பிரட்டி, வாந்தி எடுத்து, பாதியிலேயே ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது தடவை அவர் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே எதிரில் கயிற்றைக் கட்டினார்கள். நான் அவருக்குப் பின்னால் வந்தேன். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். யாரையும் திட்டவில்லை.

ஊருக்கு வந்ததும் போட்டு டிரைவர் ஆனந்தராஜ் மீன் ஏலக்கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும், "கடல்லயே பொழைக்கத் தெரியல, மலையில போயி என்னத்தடா பொழைக்கப் போற?" என்று கேட்டார். பிராங்க்ளின், "மலையில நேவி இல்லண்ணே" என்றார். ஆனந்தராஜ் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். தோற்றதால் அவர் மனமுடைந்து இருந்தாரா என்று சார்பு ஆய்வாளர் கேட்கிறார். வருத்தப்பட்டார். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, ஓடப் போகலாம் என்று என் பைக் ஹாரனை அடித்தார்.

இந்த வருடம் சனிக்கிழமை மாலை நாங்கள் இருவரும் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஞாயிறு விடியும் நேரத்தில் போட்டி தொடங்கியது. தொடங்கும் இடத்தில் பிராங்க்ளின், "இந்தத் தடவையும் முடிக்கலன்னா நான் ஊருக்கே வரமாட்டேன்" என்று சொன்னதாக அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர் போலீசில் சொல்லியிருக்கிறார். அது உண்மை. அவர் அப்படிச் சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "இங்கிட்டே ரெண்டு ஆட்டப் புடிச்சு மேய்ச்சுக்கிட்டுக் கெடந்துருவேன் மாமா" என்றார். நான், "ஒன்னையத்தான் ஆடு மேய்க்கும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். தன்னார்வலர் மீதியைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் இருந்தேன், கேட்டேன்.

அதன் பிறகு எல்லோரும் ஓடத் தொடங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் செக்பாயிண்டுக்கு முன்னால் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். அங்கே பிராங்க்ளின் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்து, பையோடு சேர்த்துக் கரையில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடு ஓடை வரை போய்ப் பாறையை மிதித்துப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு கடந்தார். அங்கே நின்ற தன்னார்வலப் பெண், "சார், ஷூவைக் கழட்டாதீங்க, டைம் வேஸ்ட் ஆகும்" என்று சத்தம் போட்டார். நானும், "அம்புட்டுக் காசு போட்டு எதுக்கு மாப்ள ஷூ வாங்குன?" என்று கேட்டேன். "வழுக்குற எடத்துல ஷூவ நம்பக் கூடாது மாமா. போட்டுல எவனாச்சும் ஷூ போட்டுக்கிட்டு நிப்பானா?" என்றார். விசைப்படகில் யாரும் செருப்புடன் நிற்பதில்லை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நார்த்தாமலையிலும் மழை பெய்த அன்று அவர் வெறுங்காலோடுதான் பாறையில் ஏறுவார்.

இரண்டாவது செக்பாயிண்டை நேரத்துக்குள் தாண்டினோம். அதற்கு மேல் செங்குத்தான ஏற்றம். ஏறி முடித்த இடத்தில் எனக்கு வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பிராங்க்ளின் நின்று, என் ஷூவைக் கழற்றி, காலை நீட்டிப் பிடித்து அமுக்கிவிட்டார். தன்னிடம் இருந்த உப்புத் தண்ணீரையும் கொடுத்தார். பின்னால் வந்த சிலர் எங்களைத் தாண்டிப் போனார்கள். நான், "நேரம் போவுது, நீ போ" என்றேன். "சேந்தே போவோம், வாங்க" என்றார். "இங்க நின்னு என்னத்தப் பண்ணப் போற, போன வருசம் மாதிரி கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கவா? போடா" என்று சத்தம் போட்டேன். "அப்ப கயித்தக் கட்ட விடாம நான் புடிச்சு வைக்கிறேன், நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். பனிமூட்டம் அதிகமாக இருந்ததால் கொஞ்ச தூரத்திலேயே அவர் உருவம் மறைந்துவிட்டது. அதன் பிறகு நான் அவரை உயிருடன் பார்க்கவில்லை.

நான் காலை இழுத்து இழுத்து நடந்தேன். வழி காட்ட மரக்கிளைகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அங்கே ரிப்பன் எதுவும் என் கண்ணில் படவில்லை. காற்றில் அறுந்து போனதா, கட்டாமல் விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. போட்டி முடியும் மைதானத்தில் மைக்கில் பேசும் சத்தம் இடது பக்கம் வேறோர் ஓடை இறங்கும் திசையிலிருந்து தெளிவாகக் கேட்டது. நானும் இடது பக்கம் திரும்பினேன். அப்போது பின்னால் வந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் செல்போனில் மேப் பார்த்து, "அண்ணா, மேல போற பாதைதான். சத்தம் பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருது" என்று சொன்னதால் அவருடன் மேல் பாதையில் போனேன். அவர் வந்திருக்காவிட்டால் நானும் ஓடைப் பக்கம்தான் போயிருப்பேன்.

பிராங்க்ளின் அந்தப் பக்கம் போக என்ன காரணம் என்று சார்பு ஆய்வாளர் கேட்கிறார். கடலில் மூடுபனி இறங்கிவிட்டால், தெரிந்த போட்டின் இன்ஜின் சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே நேராகத் திருப்பிப் போய்ச் சேர்ந்துகொள்வோம் என்று அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். கடலில் சத்தத்துக்கும் நமக்கும் நடுவில் பள்ளம் கிடையாது. எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

மூன்றாவது செக்பாயிண்டில் பிராங்க்ளின் எப்போது போனார் என்று விசாரித்தேன். அவர் சட்டையில் குத்தியிருந்த நம்பர் வரவில்லை என்றார்கள். அங்கிருந்த இளைஞர், "நாங்க கவனிக்காம விட்டிருப்போம், முன்னாடி போயிருப்பாரு சார்" என்றார். "போயிருக்க மாட்டாரு தம்பி. எனக்காக இங்க நிக்கிறேன்னு சொன்னவரு" என்றேன். அதன் பிறகு நான் ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி ஆள் வந்து கயிறு கட்டிய பிறகுதான் ஆளைக் காணவில்லை என்று வாக்கிடாக்கியில் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்தோம். மழை வலுத்து இருட்டிவிட்டதால் தேடுவதை நிறுத்தினார்கள்.

மறுநாள் விடிந்ததும் வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் வந்தார்கள். பாதை பிரியும் இடத்தையும் மைக் சத்தத்தையும் பற்றி அவர்களிடம் சொன்னேன். நானும், வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலர் ராக்கன் என்பவரும் ஓடை வழியாக முதலில் இறங்கினோம். ஓடை ஒரு தட்டைப் பாறையில் முடிந்து கீழே விழுகிறது. அந்தப் பாறையில் ஷூக்கள் ஜோடியாக இருந்தன. சாக்ஸ் சுருட்டி உள்ளே வைத்திருந்தது. பக்கத்தில் பை. அதன் மேல் மழைக்கோட்டை மடித்துப் போட்டிருந்தது. ராக்கன் அதைப் பார்த்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பாவி மனுசன், எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டுல்ல போயிருக்கான்" என்றார். அங்கிருந்துதான் தற்கொலை என்ற பேச்சு தொடங்கியது.

ஷூக்கள் விளிம்பில் இருக்கவில்லை. விளிம்புக்கும் ஷூக்களுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம். பாறையின் இடது ஓரத்தில் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, நேராக மழை படாத மறைவில், மண் சரிந்து ஒரு படி போல இருந்தது. அந்த ஈர மண்ணில் வெறுங்கால் தடங்கள் இரண்டு பதிந்திருந்தன. விரல்கள் பாறையைப் பார்த்தபடி இருந்தன, அதாவது ஏணியில் இறங்குகிறவர் காலை வைப்பது போல. பிராங்க்ளின் பாறையைப் பார்த்தபடி இறங்கிய இடம் அது. அதற்குக் கீழே பாசி வழித்தெடுத்தது போல நீளமாக உரிந்திருந்தது. இதை ராக்கனுக்கும் காட்டினேன். அவரும் பார்த்தார். போலீசார் வந்து போட்டோ எடுப்பதற்குள் மறுபடியும் மழை பிடித்து அந்த மண்ணும் சரிந்துவிட்டது. போட்டோவில் அந்தத் தடங்கள் இல்லை என்று சார்பு ஆய்வாளர் சொல்கிறார். நான் அவற்றைப் பார்த்தேன்.

பிரேதத்தைக் கீழேயிருந்து தூக்கும்போது நானும் ஒரு கை பிடித்தேன். அவருடைய வலது கை மூடியிருந்தது. அதற்குள் வேரோடு பிடுங்கிய புல் இருந்தது. என்னை அடையாளம் காட்டச் சொல்லி முகத்தைத் துடைத்தார்கள். அடையாளம் காட்டினேன்.

அடக்கம் முடிந்த பிறகு பிராங்க்ளினின் மனைவி செல்வராணி என் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் மகளிடம் கூடப் படிக்கும் பிள்ளைகள், "ஒங்கப்பா தோத்துப்போயி குதிச்சுட்டாராமே" என்று கேட்டதாகவும், அதிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை என்றும் சொன்னார். பிறகு, "அண்ணே, அவரு எங்கள வேணாம்னு போனாரா? அத மட்டும் சொல்லுங்க. எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்" என்றார். "நான் பாக்கலம்மா" என்றேன். "பாக்காதவங்கதான் ஊரு பூராப் பேசுறாங்க. நீங்க பாத்த மட்டுக்குப் பேசுங்கண்ணே, போதும்" என்றார். தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டதற்காக எதையும் கூட்டியோ குறைத்தோ நான் இங்கே சொல்லவில்லை.

பிராங்க்ளின் வழுக்கித்தான் விழுந்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். விழுந்ததை நான் பார்க்கவில்லை. குதித்ததையும் பார்க்கவில்லை. காலையில் முதல் ஓடையில் அவர் சாமான்களைக் கரையில் வைத்துவிட்டு வழி பார்க்க இறங்கியதையும், பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததையும் பார்த்தேன். மறுநாள் அதே மாதிரி வைத்திருந்த சாமான்களையும், மண்ணில் இருந்த தடத்தையும், கையில் இருந்த புல்லையும் பார்த்தேன். அவர் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், என்னைவிட முன்னால் போய் ஒரு கயிற்றைப் பிடித்து வைக்க வேண்டும் என்று இருந்தது. அதை அவரே சொன்னார்.

மேலே எழுதியதைத் தலைமைக் காவலர் திருப்பதி எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஷூக்கள் இருந்த பாறையைப் பற்றி வரும் இடத்தில் 'பிராங்க்ளின் குதித்த இடம்' என்று எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "கேஸ் கட்டுல எல்லாத்துலயும் அப்படித்தாங்க இருக்கு, ஒரு அடையாளத்துக்கு எழுதுறது" என்றார். அப்படியென்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். 'விழுந்த இடம்' என்று மாற்றவா என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். அதையும் நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். அதன் பிறகு அவர் பேனாவை வாங்கி அந்த வரியைத் தானே அடித்துவிட்டு, 'பிராங்க்ளின் பாறையைப் பார்த்தபடி இறங்கிய இடம்' என்று எழுதினார். தடம் காட்டுவது அவ்வளவுதான் என்பதால் ஒப்புக்கொண்டேன். அடித்தல் திருத்தல் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். அது என் சம்மதத்துடன் செய்யப்பட்டது. அதன் பக்கத்தில் நானும் சார்பு ஆய்வாளரும் சுருக்கொப்பம் இட்டிருக்கிறோம். திருத்தியதையும் சேர்த்து மறுபடி முழுவதும் படிக்கக் கேட்டேன். நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவுதான், இதில் உள்ளது உண்மை என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ப. ரத்தினவேல்

என் முன்னிலையில் பதிவு செய்து, படித்துக் காட்டப்பட்டது.
(ஒப்பம்)
புவனேஸ்வரி, சார்பு ஆய்வாளர்