இரண்டு முறை கழிக்கப்பட்ட விடுமுறை

பெயர்: பெவர்லி ஹார்ட்லி. வயது: ஐம்பத்தேழு. முகவரி: 14, பீல் தெரு, கோல்ன், லங்காஷயர். தொழில்: மேற்படி ஊரில் ரோலண்ட் கிரிம்ஷா நடத்தும் திரைச்சீலை தைக்கும் கடையில் அலுவலகப் பணி. நோரீன் டக்வொர்த் கொடுத்துள்ள புகாரில், தொழிலாளர் தீர்ப்பாயத்தின் முன் நான் சொல்வதாவது:

நான் மேற்படி கடையில் பதினோரு ஆண்டுகளாக முழுநேரம் வேலை செய்கிறேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர் இருக்கிறோம். சுவரில் மாட்டியிருக்கும் விடுமுறை அட்டவணையை எழுதுவது என் பொறுப்பு. நோரீன் ஆறு ஆண்டுகளாகத் திங்கள், வெள்ளி ஆகிய இரண்டு நாள் மட்டும் வந்து தையல் மெஷினில் உட்காருகிறவர்.

வாரம் ஐந்து நாள் வருகிறவர்களுக்கு ஆண்டுக்கு இருபத்தெட்டு நாள் விடுமுறை. கடை அடைத்திருக்கும் எட்டுப் பொது விடுமுறைகளும் அதில் அடக்கம். வாரம் இரண்டு நாள் வருகிறவருக்கு இருபத்தெட்டில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது பதினொரு நாளும் கொஞ்சமும் வர வேண்டும். ரோலண்ட் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு வேறு. முதலில் இருபத்தெட்டிலிருந்து எட்டை எடுத்துவிட வேண்டும். மீதி இருபதில் நோரீனின் பங்கு எட்டு நாள். அதன் பிறகு அவர் வேலை நாட்களில் விழும் பொது விடுமுறைகளை மறுபடியும் கழிக்க வேண்டும். எங்கள் பொது விடுமுறைகள் பெரும்பாலும் திங்களிலும் வெள்ளியிலும்தான் வரும். கடந்த ஆண்டு கிறிஸ்துமஸும் வெள்ளியில் வந்ததால் மொத்தம் ஏழு. எட்டில் ஏழு போக ஒன்று. ஒரே தலையை இரண்டு முறை மொட்டையடித்த கணக்கு இது. ஆறு ஆண்டுகளும் நான் இப்படித்தான் எழுதினேன்.

கடந்த அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை, காலைத் தேநீர் நேரத்தில் நோரீன் என் மேசைக்கு வந்தார். ஆர்க்னி தீவில் இருக்கும் தன் தம்பி டெரெக்குக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, இரண்டு வாரம் கூட இருக்க வேண்டும் என்றார். ரயில், பஸ், கப்பல் என்று போகவே ஒன்றரை நாள் ஆகும். இரண்டு வெள்ளி, இரண்டு திங்கள், ஆக நான்கு நாள் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

அதன் பிறகு அரசாங்கத்தின் இணையதளத்தில் இருக்கும் விடுமுறைக் கணிப்பானில் நோரீனின் விவரத்தைப் போட்டுப் பார்த்தேன். பதினொன்று புள்ளி இரண்டு என்று வந்தது. கடை அடைக்கும் ஏழு நாள் போனாலும் அவருக்கு நான்கு நாள் மிச்சம் இருந்தது. கேட்டதும் அதே நான்குதான்.

நான் அதை அச்செடுத்து ரோலண்டின் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் பிஸ்கெட்டைத் தேநீரில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். தாளைக் கையில்கூட வாங்கவில்லை.

"வாரத்துல ரெண்டு நாள் வர்றவளுக்கு லீவு எதுக்கு பெவ்? அஞ்சு நாளு லீவுலதானே கெடக்குறா!" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

தம்பி சாகக் கிடக்கிறார் என்று சொன்னேன்.

"பாவந்தான். ஆனா ஒருத்திக்குத் தொறந்துவிட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. அவ்வளவு எரக்கமா இருந்தா உன் லீவுல நாலு எடுத்துக் குடேன்" என்றார். சொல்லிவிட்டு, முகவாயில் ஒட்டியிருந்த பிஸ்கெட் துகளைத் துடைத்து அந்தத் தாளின் மேலேயே தட்டினார்.

எனக்கு அந்த ஆண்டு இன்னும் ஒன்பது நாள் மீதி இருந்தது. போர்ச்சுக்கல் போக டிக்கெட் எடுத்திருந்தேன். தாளைக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் அருவருப்பில் பாதி என் மேலும் இருக்கிறது. இதையும் அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பிறகு நோரீனிடம் போய், "ஒரு நாள்தான் இருக்கு கண்ணு" என்றேன்.

"அப்பிடியா? மன்னிச்சுக்க பெவ், உன்னைப் போட்டு அலைக்கழிச்சிட்டேன். எனக்குத்தான் கணக்கு வராதே" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பரவாயில்லை என்றேன்.

அன்றைக்கே வேலை முடிந்த கையோடு கிளம்பிப் போனார். புதன் காலை போய்ச் சேர்ந்தார். இருந்த ஒரு வெள்ளியையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வரை தம்பியுடன் இருந்துவிட்டு, அடுத்த திங்கள் காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்திருந்தார். அன்று ஒரு ஹோட்டலுக்காக இருபத்திரண்டு திரைச்சீலைகளுக்கு மடிப்புத் தைத்தார். மறுநாள் செவ்வாய் விடியற்காலை டெரெக் இறந்துபோனார். அப்போது பக்கத்தில் இருந்தவர் ஒரு நர்ஸ் மட்டுமே என்று நோரீன் பின்னால் என்னிடம் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அங்கே அடக்கம் நடந்தது. நோரீன் போனார். ரோலண்ட் இரங்கல் அட்டை ஒன்று வாங்கிவந்து எங்கள் ஒன்பது பேரில் நோரீன் தவிர எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கினார். தன் பெயருக்குக் கீழே, முத்தம் என்று காட்டும் பெருக்கல் குறி ஒன்று போட்டார். அட்டையை உறையில் போட்டு ஒட்டிய பிறகு என்னைக் கூப்பிட்டு, "அடக்கத்துக்குப் போன வெள்ளியையும் லீவுல எழுதிரு. அவளுக்குத்தான் ஒண்ணுமில்லையே, அடுத்த வருசத்துல பிடிச்சுக்கலாம்" என்றார்.

அட்டவணையில் நடந்தது என் கணக்குப் பிழை என்று ரோலண்ட் இந்தத் தீர்ப்பாயத்துக்குப் பதில் எழுதியிருப்பதைப் படித்தேன். பிழை என்றால் தெரியாமல் செய்வது. அக்டோபர் மாதத்துக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் தெரியும். நோரீன் பெயருக்கு நேரே, அடக்கம் நடந்த தேதியில் இருக்கும் 'கழித்தல் ஒன்று' நான் எழுதியது. சிவப்பு மையில், அடிக்கோலை வைத்துக் கோடு போட்டு எழுதினேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாரும் என்னை மிரட்டியோ ஆசைகாட்டியோ சொல்லவைக்கவில்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) பெவர்லி ஹார்ட்லி