பறிகொடுக்காதவர்கள் வெளியே போகலாம்

"கிபீர்! கிபீர் வருது! பங்கருக்கை ஓடுங்கோ!"

கத்துவது என் கணவர் சூசைதாசன். கிபீர் என்றால் அரசாங்கத்தின் குண்டுவீச்சு விமானம். நான் கிணற்றடியில் நிற்கிறேன். கையில் வாளி. கார்த்திகை மாதம். செவ்வாய்க்கிழமை. காலைச் சாப்பாட்டு நேரம். மன்னார் பெருநிலம். வாளியை விடுகிறேன். ஓடுகிறேன். பங்கர், எங்கள் பதுங்குகுழி, கிணற்றுக்குப் பக்கத்தில். பிள்ளைகள் இரண்டும் வீட்டுக்குள். அவர் தூக்கிவர உள்ளே பாய்கிறார். நான் பங்கருக்குள் விழுகிறேன்.

முதலில் சத்தமே இல்லை. பிறகு புதுச்சீலையை இழுத்துக் கிழிப்பதுபோல வானத்தில் ஒரு சத்தம். குண்டு. காது அடைத்தது. இன்னொரு குண்டு. அதற்குப் பிறகு ஓடுகள் விழும் சத்தம். ஒவ்வொன்றாக விழுந்தன. நெடுநேரம் விழுந்தன.

வெளியே வந்தேன். வீடு இல்லை.

மறக்கக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். நடந்ததில் என் பொறாமையும் அடக்கம்.

அந்த ஓடுகள் எங்களுடையவை அல்ல. தொண்ணூறாம் ஆண்டு எங்கள் ஆயுத இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னது. அடுத்த வளவுக் குடும்பமும் போனது. ஆளுக்கொரு பையோடு போனார்கள். கொஞ்ச நாள் பொறுத்து அப்பா அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்தார். ஓடுகளை எங்கள் வீட்டுக்குப் போட்டார். ஊரே பார்த்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்களும் அந்தக் கூரைக்குக் கீழே நன்றாகத்தான் நித்திரை கொண்டோம்.

பிறகு எங்கள் கலியாணங்கள். அக்காவுக்கு ஜேர்மனியில் இருந்த எங்கள் ஊர் மாப்பிள்ளை. எனக்குச் சீதனமாக அந்த வீடு.

அக்கா குடும்பம் ஜேர்மனியை விட்டு லண்டனுக்கு வந்து ஸ்ட்ரெதமில் கடை போட்டது. 2003இல் என்னைக் கூப்பிட்டு எடுத்தவள் அவள்தான். சின்ன அறை தந்தாள். சோறு தந்தாள். நன்றி இருக்கிறது. ஆனால் காலையில் அவளுடைய மூன்று பிள்ளைகளும் தடதடவென்று படியிறங்குவார்கள். சப்பாத்து எங்கே, பை எங்கே என்று வீடு அதிரும். "சனியனுகள், கத்தாதையுங்கோ" என்பாள் அக்கா. பெற்றதைச் சனியன் என்று சொல்ல அவளுக்கு வசதி இருக்கிறது.

சனிக்கிழமை பின்னேரங்களில் அக்கா வீட்டு ஹோலில் செபக்கூட்டம். நடத்துபவரை எல்லோரும் பிரதர் என்பார்கள். பரம்பரைச் சாபத்தை முறிப்பதில் பேர்போனவர். தகப்பன் செய்த பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை துரத்தும் என்பார். ஓட்டுக் கதையை அவருக்குச் சொன்னது அக்கா.

"செல்வி, எழும்பி நில். அப்பான்ர பாவத்தை அறிக்கையிடு. அதுதான் உன்ர பிள்ளையளை எடுத்தது."

வாராவாரம் அக்கா இதைத்தான் சொல்வாள். நான் எழும்பவில்லை. எழும்பினால் என் பிள்ளைகள் ஓட்டுக்குப் பதிலாகப் போனார்கள் என்று ஆகிவிடும். குண்டு போட்டவன் தப்பிவிடுவான். கடவுளும் தப்பிவிடுவார். இன்னொன்றும் இருந்தது. அப்பா எங்கள் இருவருக்கும் ஒரே அப்பா. சாபம் ஏன் என் வீட்டுக்கு மட்டும் வந்தது? ஸ்ட்ரெதமுக்கு அதற்கு வழி தெரியாதா?

விம்பிள்டனில் உடுப்புத் திருத்தும் கடையில் எனக்கு வேலை. பக்கத்து மிஷினில் மிரியம். யூதப் பெண். என் வயதுதான். கிபீர் இஸ்ரேலில் செய்தது என்று எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பல கிழமை நான் அவளோடு கதைக்கவில்லை. அவள் பிறந்தது லண்டனில். தகப்பன் பஸ் ஓட்டியவர். அதெல்லாம் தெரிந்தும் கதைக்கவில்லை. ஒருநாள் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லியே விட்டேன். உங்கள் ஆட்கள் செய்த விமானம்தான் என் பிள்ளைகளைக் கொன்றது என்றேன். மிஷினை நிறுத்தினாள். அழுதாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அது தான் செய்த பாவம் இல்லை என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது. அக்கா என்னிடம் கேட்பதை நான் இவளிடம் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கதைத்தோம். சாபக் கதையைக் கேட்ட மிரியம் தங்கள் வேதத்தில் உள்ளதைச் சொன்னாள். தலைமுறைத் தண்டனையைச் சொன்னவர் மோசே. காலம் கழித்து ஒரு தீர்க்கதரிசி வந்தார். தகப்பனின் பாவத்தைப் பிள்ளை சுமக்காது, செய்தவனே சுமப்பான் என்றார். மோசேயின் தீர்ப்பை அவர் நீக்கிவிட்டார் என்று அவர்களுடைய குருமாரான ரபிமார் துணிந்து சொன்னார்களாம். வேறு சிலர் இரண்டையும் பொருத்திப் பார்த்தார்களாம். பிள்ளையும் அதே பாவத்தைக் கையில் பிடித்திருந்தால்தான் தண்டனை என்றார்களாம். அந்த இடத்தில் என் ஊசி நின்றது. நான் அந்தக் கூரைக்குக் கீழே தெரிந்தே இருந்தவள். என்னைக் கேட்கட்டும். என் மகன் றொஷானுக்கு ஓடு யாருடையது என்றே தெரியாது.

மிரியத்தின்மேலும் பொறாமை வந்தது. இது நியாயமில்லை என்று கடவுளிடம் வழக்காடி, அதை வேதத்திலும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தீர்க்கதரிசி எங்கள் வேதத்திலும் இருக்கிறார். பூசையில் வாசித்திருப்பார்கள். நான் பிராக்குப் பார்த்திருப்பேன்.

அவர்களுடைய பெரிய நோன்பு முடிந்து வேலைக்கு வந்தவள் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொன்னாள். இறந்த தாய் தகப்பனுக்குச் செபம் சொல்லும் நேரம், பெற்றவர் இருவரும் உயிரோடு உள்ளவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்களாம். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயமும் ஒரு காரணமாம். எங்கள் கூட்டத்தில் ஒருவரும் வெளியே போவதில்லை. தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எனக்காக அழுகிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை பிரதர் என் பெயரைச் சொன்னார். எழும்பினேன். அக்காவின் முகம் மலர்ந்தது.

"பிள்ளையைப் பறிகுடுக்காத ஆக்கள் எல்லாரும் வெளியில போங்கோ. நான் செபிக்கப் போறன்."

பிரதர்தான் முதலில் எழும்பினார். ஒவ்வொருவராகச் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். வெளியே மழைத் தூறல். எனக்குச் சந்தோஷம். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷம்தான். அக்கா தன் சொந்த வீட்டுக்கு வெளியே நனையப் போகிறாள். அதைப் பார்க்கத்தான் நின்றேன்.

அக்கா எழும்பவில்லை.

"நீங்களும் போங்கோ அக்கா."

"ஏலாது." குனிந்தபடி சொன்னாள். "ஜேர்மனியில, முதல் பிள்ளை. பெடியன். பிறக்கேக்கையே சத்தமில்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்பான்ர பாவம் எனக்கு வந்திட்டுது எண்டு பயந்தனான். மற்றதுகளையும் எடுத்துப்போடும் எண்டு."

எல்லோரையும் என் பக்கம் பார்க்க வைத்தது அதனால்தான். சாபம் முழுவதும் என் தலையில் இறங்கினால் தன்னுடையதுகள் தப்பும் என்று நினைத்திருக்கிறாள். கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. பக்கத்தில் போய் இருந்தேன். பொறாமை அப்போதும் போகவில்லை. அவளுக்கு இன்னும் மூன்று இருக்கிறது.

ஒருவரின் பாவத்தையும் அறிக்கையிடவில்லை. பெயர்களை மட்டும் சொல்லிச் செபித்தோம். இருவருமாக.

இழந்தவர்களின் கணக்கு இது.

சூசைதாசன். என் கணவர்.

றொஷான். என் மகன். ஆறு வயது.

டிலானி. என் மகள். நான்கு வயது.

அக்காவின் மகன். பெயர் வைக்கவில்லை.

அடுத்த வளவுக் குடும்பம். ஐந்து பேர். உயிரோடு போனார்கள். வீட்டையும் ஊரையும் இழந்தார்கள். எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது.

அப்பா இந்தக் கணக்கில் இல்லை. அவர் போன வருடம் மன்னாரில், தன் கட்டிலில், நித்திரையில் போனார்.