திரைக்கயிறு

நெல் விலையைப் பற்றி எழுதுகிறவன் பக்கத்தில் கல்யாணப் பந்தியில்கூட யாரும் விரும்பி உட்கார மாட்டார்கள், இன்ஸ்பெக்டர். நாகூர் ஜெக்கரியா என்றால் சென்னைப் பத்திரிகையில் பொருளாதாரப் பக்கம். அரசாங்கம் கட்டாயமாகக் கொள்முதல் செய்யும் லெவி நெல், உரத் தட்டுப்பாடு, அறுவடைக் கூலி என்று தலை நரைக்கும்வரை எழுதினேன். அந்தப் பக்கத்தில் டீக்கடைக்காரர்கள் வடை கட்டினார்கள்.

பிறகு ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் கதையைப் புத்தகமாக எழுதினேன். விஷயம் அதே கூலிதான். நடுவில் ஒரு பெண்ணை அழவிட்டேன். விற்றுத் தீர்ந்தது. அதையே நாடகமாக்கினேன். சீர்காழியில் போட்டபோது, கதாநாயகன் வெட்டுப்பட்டுச் சாகிற காட்சியில் ஜனங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிட்டார்கள்.

"சாவு நம்புற மாதிரி இல்ல, பாய்," என்றார் கொட்டகைக்காரர்.

அது என் மனதில் தைத்தது.

ஆட்சி மாறியிருந்தது. மேடைக்கு மேடை உழவனைப் புகழ்ந்தார்கள். வயலில் கூலி மட்டும் ஏறவில்லை. கூலி உயர்வு கேட்டு அறுப்பு வயலில் கொடி நட்டவன் இராஜாங்கம். பண்ணையார் ரெங்கசாமியின் ஆட்கள் தேடியதால் தலைமறைவாக இருந்தான். என் கதாநாயகன் அவன் சாயலில் எழுதியவன்தான்; அந்த வேஷத்தில் அவனையே நடிக்கக் கேட்டேன்.

"நடிக்கிறேன் பாய், நம்ம சனம் பாக்கட்டும். பேர மட்டும் வெளிய விட்றாதீங்க. இவ வேற பயந்து சாவுறா," என்று மனைவி செவ்வந்தியைக் காட்டிச் சிரித்தான்.

"ஆமா, இவரு பெரிய தைரியசாலி. வைக்கப்போருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் பேசுறாரு," என்றாள் அவள்.

நாடகத்தன்று மைக் கட்டிய மாட்டு வண்டி ஊர் ஊராகப் போய் அறிவிப்பது இங்கே வழக்கம். மேடைக்குப் பின்னால் ஒப்பனைக் கொட்டகைக்குள் நான் இராஜாங்கத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தபோது வண்டி போனது. 'இராஜாங்கமே நடிக்கிறார்' என்று சொல்லச் சொன்னது நான்தான். ரெங்கசாமியின் தெருவில் நிறுத்திச் சொல்லச் சொன்னதும் நான்தான். விளம்பரம் செய்வது குற்றமென்றால் பாதி ஊரை நீங்கள் உள்ளே வைக்க வேண்டும். அன்று அறுத்த வயல் கொள்ளாத கூட்டம்.

அடியாட்கள் கூட்டத்திலிருந்தே எழுந்து மேடையேறுவதாக எழுதியிருந்தேன். அது என் புதுமை. அன்று பொழுது சாயும் நேரத்தில் மூன்று பேர் ஏறினார்கள். என் நடிகர்களோ இன்னும் ஓரமாக நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். திரைக்கயிறு என் கையில் இருந்தது. இராஜாங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தான். கயிற்றை விட்டிருந்தால் திரை இறங்கியிருக்கும். ஏதோ தப்பு என்று ஜனங்கள் மேடைக்கு ஓடி வந்திருப்பார்கள்.

நான் விடவில்லை.

கூட்டம் கைதட்டியது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

வருடக்கணக்காகக் கட்டுரை எழுதியும் உயராத கூலி அடுத்த அறுப்பிலேயே உயர்ந்தது. எதற்கும் ஒரு விலை உண்டு. அதைச் சொல்ல நான் வெட்கப்பட மாட்டேன். வெட்டியவர்களைப் பிடித்துவிட்டீர்கள், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள்.

நாடகம் இப்போது சென்னையில் ஓடுகிறது. செவ்வந்தி மேடையில் விழுந்து அழுதாளே, அதைச் சொல் மாறாமல் சேர்த்திருக்கிறேன். அரங்கமே அழுகிறது. அவள் பேசியதில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன்.

"கயிறு உங்க கையிலதானே இருந்துச்சு, பாய்?" என்று கேட்டாள்.

எழுதிப் பார்த்தேன். நம்புகிற மாதிரி இல்லை.