பசை காயுற வரைக்கும்

— கையைக் கொஞ்சம் தள்ளி வைங்க மாமா, அந்த மாடல் விமானத்தோட ரெக்கை இன்னும் ஈரம்.

— நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க மாப்ள? என் பொண்ணோட நீலப் பெட்டி எங்கன்னு கேட்டா ரெக்கை ஈரம்ங்கறீங்க.

— கட்டிலுக்கு அடியில இருக்கும். இல்ல, பீரோ மேல. சத்தியமா தெரியல மாமா. அந்தப் பெட்டியைக் கடைசியா எப்பப் பாத்தேன்னே ஞாபகம் இல்ல.

— பெட்டியை விடுங்க. பொண்டாட்டியைக் கடைசியா எப்பப் பாத்தீங்க? அதாவது ஞாபகம் இருக்கா?

— போன வாரம். அதுவும் பாத்தேன்னு சொல்ல முடியாது. அவதான் என் முதுகைப் பாத்தா. நான் இந்த மேசைப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன்.

— கேளுங்க மாப்ள. காலம் பூரா டிரைவிங் ஸ்கூல் நடத்தினவன் நான். பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சவங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். அவங்ககிட்டகூட நான் கத்தினதில்ல. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, 'என்ன நடந்துச்சு, மெதுவா சொல்லு'ம்பேன். அதே மாதிரி உங்களையும் கேக்கறேன். என்ன நடந்துச்சு? அவ வாயையே திறக்க மாட்டேங்கறா. 'அவரையே கேளுங்க'ங்கறா.

— சொன்னா சிரிப்பீங்க.

— என் பொண்ணு அழுது மூஞ்சி வீங்கி வந்து நின்னா. நான் சிரிப்பேனா?

— சரி. அவ வேலை பாக்கற லேப் இருக்கில்ல, ரத்த டெஸ்ட் எடுக்கற எடம், அவங்க வேற ஊர்ல புதுசா ஒண்ணு திறக்கறாங்க. அதுக்கு இவளையே பொறுப்பா வரச் சொல்லியிருக்காங்க. ஒரு வருஷத்துக்கு. பெரிய விஷயம் மாமா. அதைச் சொல்லத்தான் வந்திருக்கா. இதோ, இந்த வாசப்படியில நின்னா. எல்லாத்தையும் சொல்லிட்டு, 'போகட்டுமா?'ன்னு கேட்டிருக்கா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— அப்பத்தான் ரெக்கைக்கு வெள்ளிப் பெயின்ட் அடிச்சு முடிச்சிருந்தேன். வெள்ளியில மட்டும் ஒரு தூசி உக்காந்தா போச்சு மாமா. லென்ஸ் வச்சுப் பாத்தா பாறாங்கல்லு மாதிரி தெரியும்.

— என்ன சொன்னீங்க மாப்ள?

— 'ம், கதவைச் சாத்திட்டுப் போ, தூசி வருது'ன்னேன்.

— க்கும்... ஹ்ஹ... க்கும்.

— மாமா, சிரிக்கறீங்க.

— இல்ல, இருமல். பெயின்ட் நெடி. அப்புறம்?

— அப்புறம் என்ன, சாயங்காலம் டீ கேட்டேன், பதில் இல்ல. ஏதோ கோவம் போலன்னு நானே போட்டுக் குடிச்சேன். பெருமையா வேற இருந்துச்சு, பாரு, பொண்டாட்டியைத் தொந்தரவு பண்ணாம டீ போடறேன்னு. மறுநாள் பல்லு விளக்கப் போனா, குவளையில ஒரே ஒரு பிரஷ். அப்பத்தான் மண்டையில உறைச்சுது. நான் கேட்டதை அவ செஞ்சுட்டா, கதவைச் சாத்திட்டுத்தான் போயிருக்கா. அவ கேட்டதுதான் அப்ப என் காதுல ஏறவே இல்ல, பிரஷ்ஷைப் பாத்தப்புறம்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு.

— ஊருக்கே கண்ணாடி மாட்டி விடற ஆளு நீங்க.

— அதைத்தான் நானும் சொல்லிக்கறேன். கடை போர்டுல 'தெளிவான பார்வைக்கு'ன்னு கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கேன். பொண்டாட்டி மூட்டை கட்டினது கண்ணுல படல. அந்த போர்டை இறக்கிடலாமான்னு யோசிக்கறேன் மாமா. எவனாவது கேஸ் போட்டா என்ன பண்றது?

— போன் பண்ணக் கூடாதா?

— தினமும் எடுக்கறேன். எடுத்து என்னன்னு சொல்றது? 'தூசி அடங்கிடுச்சு, வந்துடு'ன்னா?

— சரி, இந்தச் சனியனையாவது தூக்கிப் போட வேண்டியதுதானே? அவ இதுக்கு வச்சிருக்கிற பேரு தெரியுமா? சக்களத்தி.

— தெரியும். தூக்கிப் போடலாம்னுதான் இன்னிக்குக் காலையில உக்காந்தேன், உங்க மேல ஆணை. அட்டைப்பெட்டியெல்லாம் எடுத்து வச்சேன். உள்ள போடறதுக்கு முன்னாடி இதோட உடம்பு இருக்கே, ரெண்டு பாதி, அதைச் சும்மா ஒரு தடவை சேத்து வச்சுப் பாத்தேன். அவ்ளோ அழகாப் பொருந்துச்சு மாமா.

— வெளங்கிடும்.

— ரெக்கைக்கு இன்னொரு கோட்டு அடிச்சுட்டே தூக்கிப் போடலாம்னு அடிச்சேன். அப்ப நீங்க பெல் அடிச்சீங்க.

— தூக்கிப் போடற சாமானுக்கு எவனாவது பெயின்ட் அடிப்பானா? சரி, இது என்ன, மூக்குல இவ்ளோ பெரிய ஓட்டை? விசிறியைக் காணோம்?

— விசிறியே கிடையாது மாமா. ஜெட்டு வந்த புதுசுல செஞ்ச சண்டை விமானம். மூக்கு வழியா காத்தை விழுங்கி வால் வழியா நெருப்பாக் கக்கும். ஓட்டறவன் நடுவுல, ஒரு பெரிய குழாய் மேல குந்தின மாதிரி உக்காந்திருப்பான்.

— இந்தப் பொடியனா? நகம் அளவுக்குக்கூட இல்லையே. அடேங்கப்பா, இவனுக்குப் புருவம்கூட இருக்கு!

— ஒரே ஒரு முடி வச்ச பிரஷ்ல வரைஞ்சது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வரைஞ்சேன். மேல மூடி போட்டதும் வெளிய தெரியவே தெரியாது. யாருக்கும் தெரியாத ஒருத்தனுக்குப் புருவம் வரைஞ்சிருக்கேன் மாமா. பக்கத்துல நிக்கறவ புருவம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

— அலமாரியில ஒண்ணு இருக்கே, அது ஏன் நாய் மாதிரி பின்னங்காலை மடக்கி உக்காந்திருக்கு?

— அதைப் பாக்காதீங்க, மானம் போகுது. அது நான் முதல்ல செஞ்சது. மூணு சக்கரம், முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு. மூக்குல கொஞ்சம் எடை வச்சாத்தான் மூணும் தரையில நிக்கும். அதை ரெண்டு பாதியையும் ஒட்டறதுக்கு முன்னாடியே உள்ள வச்சிடணும். ஒட்டினப்புறம் தலைகீழா நின்னாலும் வைக்க முடியாது. நான் மறந்துட்டேன். பாதி வருஷ வேலை, கடைசியில சக்கரத்தை மாட்டி நிறுத்தினா, வாலைக் கீழ வச்சு வானத்தைப் பாத்துச்சு.

— பின்பாரம். சரக்கு லாரியில பசங்க செய்யற தப்பு.

— வந்தவங்ககிட்ட எல்லாம் 'மேல கிளம்பற நேரம், அப்படித்தான் இருக்கும்'னு அளந்து விட்டேன். அப்புறம் ஒரு நாள் பாத்தா, யாரோ வாலுக்கு அடியில ஒரு அழிரப்பரை முட்டுக் கொடுத்து நேரா நிக்க வச்சிருந்தாங்க. தூசி தட்டும்போது அந்த ரப்பரும் எங்கேயோ போயிடுச்சு.

— யாரோவா? இந்த வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு மாப்ள.

— அட, ஆமா மாமா. நான் இதுவரைக்கும் அதை யோசிக்கவே இல்ல.

— நல்லாத்தான் இருக்கு உங்க குடும்பம். சரி, இந்த டப்பா மூடியில உருண்டை உருண்டையா இருக்கே, இது என்ன மாத்திரையா?

— ஐயோ, வாயில போட்டுடாதீங்க! ஈயக் குண்டு. தூண்டில்ல கட்டறது. இந்தத் தடவை மூக்குக்கு எடை மறக்கக் கூடாதுன்னு கண்ணெதிர்லயே எடுத்து வச்சிருக்கேன். கொட்டிடாதீங்க, உருண்டு கட்டிலுக்கடியில போனா தேட முடியாது.

— கையிலயே வச்சிருக்கேன், பத்திரமா இருக்கும். சின்ன சாமானுக்கு என்ன கனம் பாரு, அடடா! உள்ளங்கையில உருட்டினா சுகமா இருக்கு மாப்ள. சரி, ஆகட்டும், அந்த ரெண்டு பாதியையும் ஒட்டற மாதிரி காட்டுங்க, நானும் பாக்கறேன். அப்புறம் பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன்.

— இப்பவா? நெஜமாவா?

— முகத்தைப் பாரு, பல்பு போட்ட மாதிரி. ஒட்டுங்க, ஒட்டுங்க. தூக்கிப் போடறதைச் சேத்து ஒரே உருப்படியாப் போட்டுடலாம்.

— இருங்க. பைலட்டை உக்கார வச்சாச்சு. உள்பக்கச் சுவருக்குக் கறுப்பு அடிச்சாச்சு. இந்த ஓரம் பூராவும் மெலிசா பசை... இந்தப் பக்கமும்... மாமா, பேசாம இருங்க... ஆங். சேத்தாச்சு. இனிமே காயுற வரைக்கும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், அசையக் கூடாது.

— ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிட்டா போச்சு?

— எப்பவும் அதான் போடுவேன். அவ தலைமுடிக்குப் போடற பேண்டு. இந்த மேசை டிராயர்ல எப்பவும் நாலஞ்சு கிடக்கும். இப்பத் தேடினா ஒண்ணுகூட இல்ல. எப்படி அது எப்பவும் இங்க கிடந்துச்சுன்னும் நான் யோசிக்கல பாருங்க. இன்னும் என்னென்ன யோசிக்காம விட்டிருக்கேனோ தெரியல. வால் பக்கம் கொஞ்சம் விலகுது, நீங்க பிடிங்க மாமா. ரெண்டு கையாலயும்.

— ஒத்தைக் கை போதும். பசங்களுக்குத்தான் ஸ்டியரிங்கை ரெண்டு கையால பிடின்னு கத்துவேன். நான் என்னிக்குப் பிடிச்சேன்?

— அப்படியே. அவ்ளோதான். நல்லாப் பிடிக்கறீங்க மாமா.

— மாப்ள, இப்ப நாம ரெண்டு பேரும் நகர முடியாதுல்ல?

— முடியாது.

— அப்ப கேக்கறேன். ஓட முடியாது பாருங்க. அவ அந்த ஊருக்குப் போகணுமா, வேண்டாமா? உங்க மனசுல என்ன இருக்கு?

— போகணும் மாமா. அந்த வேலைக்கு அவளை விட்டா ஆளே கிடையாது. ஆனா போகச் சொன்னது நானா இருந்திருக்கணும். தூசியா இருந்திருக்கக் கூடாது. 'நீ போ, நான் கடையைச் சனிக்கிழமை சாத்திட்டு வாரா வாரம் வந்து நிக்கறேன்'னு சொல்லியிருக்கணும். இந்த ஒரு வாரமா இந்த வீட்டுல இருக்க முடியல மாமா. சுத்தமா இருக்கு, சத்தமே இல்ல, ஒரு தூசி கிடையாது. மாடல் செய்யறவனுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா எனக்குப் பயமா இருக்கு. அவ இனிமே வரவே மாட்டாளோன்னு பயமா இருக்கு.

— இதை எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்?

— யார்கிட்ட சொல்றது? இன்னிக்கு ரயிலுன்னு நீங்கதான் வந்ததும் சொன்னீங்க. இந்நேரம் ஸ்டேஷனுக்குப் போயிருப்பா.

— போகல. கீழ மருந்துக் கடை வாசல்ல, என் கார்ல உக்காந்திருக்கா.

— என்னது!

— ஆட்டாதீங்க, வால் விலகுது! சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பினா. 'பெட்டியை மட்டும் எடுத்துட்டு வாங்கப்பா. அவரா இறங்கி வந்தா பேசறேன். இல்லன்னா நேரா ஸ்டேஷன்'னா. அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு மேல ஏறினேன். உங்க புருவம், குண்டு, பசைன்னு இங்கயே உக்காந்துட்டேன். என்னையும் கெடுத்துட்டீங்க. எந்திரிங்க, ஓடுங்க.

— இதோ மாமா, இன்னும் ஒரே ஒரு நிமிஷம். இப்ப விட்டா மூக்கு விரிஞ்சிடும்.

— மாப்ள.

— ம்?

— இப்ப நீங்க சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு மாமா. விட்டுட்டேன். பாருங்க, ரெண்டு கையையும் விட்டுட்டேன்.

— ஐயையோ, பொளந்துக்கிச்சே! பைலட்டு கீழ விழுந்துட்டான்! மிதிச்சிடாதீங்க!

— கிடக்கட்டும், அவனுக்குப் புருவம் இருக்கு, பொழச்சுக்குவான். என் செருப்பு எங்க? மாமா, என் செருப்பைப் பாத்தீங்களா? ஒண்ணுதான் இருக்கு. எந்தச் சனியன் இன்னொண்ணை... பரவாயில்ல, வெறுங்காலோடயே போறேன்.

— மாப்ள, நில்லுங்க. வாசலைப் பாருங்க.

— செருப்பு என் காலுக்கடியில இருக்கு. கீழ வெயில்ல எவ்ளோ நேரம்தான் உக்காந்திருக்கறது?

— பாப்பா! நீ எப்ப வந்தே?

— பொடியனுக்குப் புருவம் வரைஞ்ச கதை ஓடும்போதே வந்துட்டேன்ப்பா. கதவு திறந்துதான் கிடந்துச்சு. தூசி வராதா?

— வரட்டும். வாரி வந்து கொட்டட்டும். நீ போ. ஐயோ, அந்தப் போ இல்ல! நீ அந்த வேலைக்குப் போ. நான் வாரா வாரம் வரேன். இதை நான் கீழ வந்து உங்கிட்ட சொல்லணும்னுதான்... அதுக்குள்ள நீயே மேல வந்துட்டே. இதுலயும் நான் லேட்டு.

— லேட்டுதான். ஆனா கையை விட்டீங்களே, அதைப் பாத்தேன்.

— அது போனா போகட்டும், குப்பையில போட்டுடறேன். உனக்காகத்தான் விட்டேன்.

— எனக்காகவே இருக்கட்டும், விட்டது நல்லதாப் போச்சு. மூக்குல வைக்க வேண்டிய குண்டு இன்னும் அப்பா கையிலதான் இருக்கு.